மிஸ்ஸி அக்கா பதில்கள்: தராசு சொல்லாத கதை

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, "எடையை மட்டும் வைத்துக் குழந்தையை எடை போடாதீர்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே ஒரு பிஸ்கோத்து டின் நிறைய இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க அளவு, எடை, கைச்சுற்று, கால்வீக்கம்தான். சளி, பல், தூக்கம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேரனுக்கு இரண்டு வயது ஒரு மாதம். எடை 10.4 கிலோ, உயரம் 84 செ.மீ. கோயில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பெண் அவன் கையில் கலர் நாடாவைச் சுற்றினாள், "பச்சை, பரவாயில்லை பாட்டி" என்றாள், அனுப்பிவிட்டாள். தராசில் ஏற்றக்கூட இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் "பிள்ளை ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கு" என்கிறார்கள். இது என்ன கூத்து?
— ஒரு பாட்டி, பிறை

கூத்து இல்லை அம்மா. அந்தப் பெண் சுற்றிய நாடா உலகத்தில் எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாடா. கைச்சுற்று 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான சத்துக்குறைவு. 11.5 முதல் 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை.

ஆறு மாதக் குழந்தைக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் ஒரே அளவா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் தாதிப் பயிற்சியில் இதைத்தான் கேட்டேன். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை 30 செ.மீ.க்கு மேல் உயரமாகிறது. கை மட்டும் பெரிதாகப் பருப்பதில்லை. நாலு வருஷத்தில் இரண்டு செ.மீ. ஏறினால் அதுவே அதிகம். குழந்தைக் கொழுப்பு கரைகிற இடத்தில் தசை வந்து உட்கார்ந்துகொள்கிறது, சுற்றளவு அப்படியே நிற்கிறது. பிள்ளையின் வயது சரியாகத் தெரியாத ஊர்களுக்கு இது பெரிய வரம். 1970களில் பாக்தாதில் ஷாகிர் என்ற மருத்துவர் இதை வைத்து மூன்று கலர் பட்டை ஒன்றைச் செய்தார். பழைய எக்ஸ்ரே படச்சுருளைக் கழுவி வெட்டினாலே பட்டை தயார்.

அளக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முகாமில் நீங்களே கவனிக்கலாம். இடது கை. முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி. அப்புறம் கையை நீட்டித் தொங்கவிட வேண்டும். மடக்கிய கையில் அளந்தால் தசை புடைத்துப் பொய் சொல்லும். நாடா தோலைக் கவ்வக் கூடாது, நாடாவுக்கும் தோலுக்கும் நடுவில் வெளிச்சமும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் வித்தை. என் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்த வளையம் 12 செ.மீ., அளந்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையை விளையாட்டாகப் பிடித்துப் பார்ப்பேன். வளையத்துக்குள் கை லொடலொடவென்று நுழைந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்கள் பேரன் சற்று ஒல்லி, சற்றுக் குட்டை. நோயாளி இல்லை. ஆனால் பச்சை வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நாடா மெலிவைத்தான் காட்டும், வளர்த்தி நின்று போனதைக் காட்டாது. கிளினிக் புத்தகத்தில் உயரக் கோடு போன ஆறு மாதமாக எப்படிப் போகிறது என்று அங்குள்ள மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், கேளுங்கள். அக்கம்பக்கத்துக்கு நான் பதில் சொல்கிறேன்: அவரவர் பிள்ளையைப் பாருங்கள்.

போன வாரம் தனியார் கிளினிக்கில் என் மகளுக்கு 8.9 கிலோ. இந்த வாரம் அரசாங்க கிளினிக்கில் 8.5. ஒரே வாரத்தில் 400 கிராம் போய்விட்டதே என்று தூக்கமே இல்லை. உயரமும் ஒரு செ.மீ. குறைந்திருக்கிறது! குழந்தை சுருங்குமா அக்கா?
— இளம் தாய், செந்தூல்

குழந்தை சுருங்காது தங்கச்சி. அளந்த கை மாறியிருக்கிறது.

நனைந்த பேம்பர்ஸ் ஒன்று 200 கிராமுக்கு மேலும் இருக்கும். ஜீன்ஸ், சப்பாத்து, வெள்ளிக் கொலுசு, கையில் விடாமல் பிடித்திருக்கும் பொம்மை, எல்லாம் சேர்ந்தால் நீங்கள் தேடுகிற 400 கிராம் அங்கேயே கிடைத்துவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் உள்ளாடையோடு மட்டும்தான் தராசில் வைப்பேன். ஏர்கண்டிஷன் குளிரில் பிள்ளை அலறும், தாய் என்னை முறைப்பாள். பரவாயில்லை.

உயரத்துக்கு இன்னொரு சங்கதி. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. படுத்தால் உடம்பு நீளும். அதே பிள்ளை நின்றால் சுமார் 0.7 செ.மீ. குறையும். உங்கள் மகளை எங்கே எப்படி அளந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. படுக்கவைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அமுக்கிப் பாதத்தை நிமிர்த்த. கூட்டமான நாளில் ஒரே ஆள் இரண்டையும் செய்தால் ஒரு செ.மீ. என்ன, இரண்டுகூடக் காணாமல் போகும். இனி ஒரே இடத்தில், ஒரே தராசில், மாதம் ஒரு முறை போதும். வாரா வாரம் ஏற்றி இறக்காதீர்கள், பிள்ளைக்கே தராசைக் கண்டால் வெறுப்பு வந்துவிடும்.

எலும்பும் தோலுமாக இருப்பதுதான் சத்துக்குறைவு என்று நினைத்திருந்தேன். கன்னம் உப்பி, கால் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் கடுமையான சத்துக்குறைவு இருக்கலாம் என்று எங்கோ படித்தேன். எப்படி? கொழுத்த பிள்ளை பட்டினி கிடக்குமா?
— பாலர் பள்ளி ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

டீச்சர், உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். தோட்டப்புறத்துக் கிளினிக், பெயர் வேண்டாம். 19 மாதப் பையன், போன மாதம் 8.1 கிலோ, இந்த மாதம் 8.6. அட, அரை கிலோ ஏறிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். புத்தகத்தில் கோட்டை மேலே இழுத்தேன், தாயைப் பாராட்டினேன், இப்படியே கொடுத்து வாருங்கள் என்றேன். பையன் முகம் வட்டமாக இருந்தது. சிரிக்கவில்லை, அழவும் இல்லை. எவ்வளவு சமத்து என்று நினைத்துக்கொண்டேன். சமத்தாம்!

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மூத்த மிஸ்ஸி கூப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையனின் இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலை வைத்து அமுக்கினார், மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு எடுத்தார். எடுத்த இடத்தில் குழி. பிசைந்த ரொட்டி மாவில் விரல் வைத்ததுபோல இரண்டு காலிலும் இரண்டு குழி, மூடாமல் அப்படியே நின்றன. ஏறியது அரை கிலோ சதை அல்ல, அரை கிலோ தண்ணீர்.

அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே நடந்தது இன்னும் விசித்திரம். பிள்ளை தேறத் தேற எடை இறங்கியது. வீக்கம் வடிந்தபோது 7.4 கிலோ. அதுதான் அவனுடைய உண்மையான எடை. அதற்கப்புறம்தான் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினான். எடை ஏறியபோது செத்துக்கொண்டிருந்தான், இறங்கியபோது பிழைத்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து பாதத்தை அமுக்கிப் பார்க்காமல் நான் எந்த ஒல்லிப் பிள்ளையையும் தராசில் வைத்ததில்லை.

இந்த நோய்க்குக் குவாஷியோர்கர் என்று பெயர். கானா நாட்டு கா மொழிச் சொல். அடுத்த குழந்தை வந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வருகிற நோய் என்று பொருள். தாய்ப்பால் நின்று, வெறும் மக்காச்சோளக் கஞ்சிக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளை அங்கே பார்த்து 1933ல் எழுதியவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா. 1935ல் இந்தப் பெயரோடு மறுபடி எழுதினார். பாதம் வீங்குவது முதல் படி. கால் முழுதும் கையும் வீங்கினால் இரண்டாவது. முகம்வரை வந்தால் மூன்றாவது. தோல் உரிந்து கறுக்கும், முடி நிறம் மங்கி இழுத்தால் கையோடு வரும், பிள்ளைக்கு எதிலும் நாட்டம் இருக்காது. நான் சமத்து என்று நினைத்தது அதைத்தான். புரதம் போதாததுதான் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். அது மட்டும் இல்லை என்பதே இன்றைய பேச்சு. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடும் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று வீங்கும், ஒன்று வற்றும்.

சிசிலியம்மாவை நான் சும்மா இழுக்கவில்லை, அவர் நம் ஊருக்கும் வேண்டியவர். 1936ல் மலாயாவுக்கு மாற்றலாகி சிங்கப்பூருக்கு வந்தார். இங்கே தாய்மார்கள் பிள்ளைகளுக்கு இனிப்புக் கட்டிப்பால் கரைத்துக் கொடுப்பதைப் பார்த்தார். தாதி உடுப்பு மாட்டிய பெண்களைக் கம்பெனிகள் வீடு வீடாக அனுப்பி, தாய்ப்பாலைவிட இது உசத்தி என்று சொல்லவைத்ததையும் பார்த்தார். 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். பெரிய மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில் பேசிய பேச்சு! ஜப்பான்காரன் வந்தபோது திரங்கானுவில் இருந்தார். பிறகு சாங்கி சிறையில் கிடந்தார், அங்கே அவருக்கே பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய். சத்துக்குறைவைப் பற்றி எழுதியவரின் உடம்பிலேயே அது எழுதிவிட்டுப் போனது.

அந்த 19 மாதப் பையன் என்ன குடித்தான் என்று கேட்டீர்களா? கட்டிப்பால் இரண்டு கரண்டி, மங்கு நிறைய வெந்நீர், தொட்டுக்கொள்ள பிஸ்கோத்து. அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவாள், ஆயாக் கொட்டகையில் அதுதான் கிடைத்தது. இப்போது டின்னிலேயே குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று போட்டிருக்கிறார்கள். தேத்தண்ணிக்குப் போடுங்கள், பால்புட்டியில் வேண்டாம்.

என் மகள் ஒரு தொண்டு அமைப்பில் சத்துணவு அதிகாரியாக ஆப்பிரிக்காவில் சாட் நாட்டில் இருக்கிறாள். அவள் அனுப்பும் படத்தில் எல்லாம் அதே கலர் நாடா. நான் போகும் ஜிம்மில் ஏறி நின்றாலே கொழுப்பு இத்தனை சதவிகிதம், தசை இத்தனை கிலோ என்று மிஷின் சொல்லிவிடுகிறது. இந்தக் காலத்திலும் நாடாவா? அப்புறம், அங்கே பிள்ளைகளுக்குக் கடலை மாவுபோல ஏதோ பாக்கெட் கொடுக்கிறார்களாம். அதனால் வெறும் கொழுப்புதான் ஏறும் என்று என் தோழி சொல்கிறாள். உண்மையா?
— ஒரு தாய், செராஸ்

முதலில் உங்கள் மகளுக்கு என் வணக்கம். அடுத்து உங்கள் ஜிம் மிஷின். அது கொழுப்பை எடை போடுவதில்லை. பாதம் வழியாகத் துளி மின்சாரம் அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரு நம்பர் சொல்கிறது. அந்தக் கணக்கு நல்ல ஆரோக்கியமான ஆட்களை வைத்துப் போட்டது. கால் வீங்கிய பிள்ளையை அதில் படுக்கவைத்தால் வீக்கத் தண்ணீரையெல்லாம் தசை என்று எண்ணிக்கொள்ளும். நான் 19 மாதப் பையனிடம் ஏமாந்ததுபோல மிஷினும் ஏமாறும். ஆராய்ச்சியில் பயன்படுத்துகிறார்கள், எச்சரிக்கையோடு.

பட்டினி கிடக்கும் பிள்ளையின் உடம்பு வீட்டுச் செலவுக்கு நகையை விற்கும் குடும்பம்போல. முதலில் கொழுப்பு போகும், கூடவே தசை போகும். மூளையைக் கடைசிவரை காப்பாற்றும், அதனால்தான் உடம்பு வற்றியும் தலை பெரிதாகத் தெரிகிறது. பின்பக்கச் சதை போய்த் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும், அப்பா கால்சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினதுபோல. மீதி உடம்பில் தண்ணீரின் பங்கு கூடிவிடும். உயிரணுவுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறும், உப்பு உள்ளே புகும். இதையெல்லாம் அளந்து சொன்னவர்களில் முக்கியமானவர் ஜான் வாட்டர்லோ. 1954ல் ஜமைக்காவில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். மெலிவு வேறு, வளர்த்தி குன்றுவது வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

இது வெறும் படிப்பு விஷயமில்லை. மருத்துவமனைக்கு வரும் கடுமையான பிள்ளைக்கு முதல் சில நாள் எஃப்-75 என்ற பால்தான், 100 மில்லியில் 75 கலோரி. உப்பும் புரதமும் குறைவு, பொட்டாசியம் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. பாவம் பிள்ளை என்று எடுத்த எடுப்பில் விருந்து வைத்தால் இதயம் தாங்காது. நம் பாட்டிமார்களுக்கு இது புரியவே புரியாது, நான் வார்டில் எத்தனை கோழிச்சாறு டிபனைப் பிடுங்கியிருக்கிறேன்! பசி திரும்பி, வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகுதான் கனமான உணவு.

உங்கள் மகள் கொடுக்கும் பாக்கெட் அந்த இரண்டாவது கட்டத்துக்கானது. கடலை மாவு இல்லை, நிலக்கடலை அரைத்த பசை. பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது எல்லாம் கலந்தது. 1996ல் பிரான்சில் உருவானது. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அதனால் கிருமி பயமும் குறைவு. பசி இருக்கிற, வேறு சிக்கல் இல்லாத பிள்ளை வீட்டிலிருந்தே சாப்பிடலாம். வீட்டில் வைத்தே தேற்றலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மற்ற ஐநா அமைப்புகளும் 2007ல் சேர்ந்து அறிவித்தன.

தோழி கேட்டது நல்ல கேள்வி. பதிலை பர்கினா பாசோவில் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் கன ஹைட்ரஜன் உள்ள, சோதித்தால் தனியாகத் தெரிகிற நீரைக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து எச்சிலில் அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பெரிய அண்டாவில் ஒரு பிடி உப்பைக் கரைத்து, ருசி பார்த்துத் தண்ணீர் எத்தனை குடம் என்று சொல்வதுபோல. உடம்பில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தால் கொழுப்பு எவ்வளவு என்று கழித்துக்கொள்ளலாம், கொழுப்பில் தண்ணீர் அநேகமாக இல்லை. மிதமான மெலிவு உள்ள, இரண்டு வயதுக்குட்பட்ட 1,600க்கும் அதிகமான பிள்ளைகள். 12 வாரம் துணை உணவு. சராசரியாக 900 கிராம் ஏறினார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கொழுப்பு அல்லாத சதை. தோழியிடம் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள், சின்னக் குழந்தைக்குக் கொழுப்பு எதிரி இல்லை. காய்ச்சல் வந்து நாலு நாள் சாப்பிடாவிட்டால் அதுதான் கைப்பணம்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் நாடா? சாகும் ஆபத்தில் இருக்கிற பிள்ளை எது என்பதைக் கிராமத்தில் நின்று கண்டுபிடிக்க, எடையும் உயரமும் பார்த்துப் போடும் கணக்கைவிடக் கைச்சுற்று நன்றாகவே காட்டுகிறது. கையில் இருப்பது எலும்பும் தசையும் கொழுப்பும்தான், வயிறுபோல மறைக்க ஒன்றும் இல்லை. மின்சாரம் வேண்டாம், மணலில் தராசைச் சமப்படுத்த வேண்டாம். நாடாவும் எல்லாம் அறிந்ததில்லை. நீண்ட கால்களுள்ள மேய்ச்சல்காரப் பிள்ளைகளில், உயரத்துக்கு ஏற்ற எடை கணக்கு ஆபத்து என்று சொல்லும், நாடா பச்சை காட்டும். சின்ன வயதுக் குட்டைப் பிள்ளைகளை நாடாதான் பிடிக்கும். அதனால் இரண்டில் ஒன்று சிவப்பு என்றாலும், இல்லை கால் இரண்டும் குழி விழுந்தாலும், உடனே சிகிச்சை என்பதே விதி.

தேறிய பிள்ளைகள் பிறகு எப்படி வளர்ந்தார்கள் என்று மலாவியின் பிளாண்டயர் நகரில் ஏழு வருஷம் கழித்துத் தேடிப் போய் அளந்தார்கள். உட்கார்ந்த உயரம் மற்ற பிள்ளைகளோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. கால்தான் குட்டை. தசை குறைவு, கைப்பிடி வலு குறைவு. உடம்பு எதை விற்றது, எதைக் காப்பாற்றியது என்று அந்தக் காலே சொல்லிவிடுகிறது. மகள் லீவில் வரும்போது இந்தப் பகுதியைக் காட்டுங்கள், நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் திட்டட்டும்.

நம் தமிழர்கள் பரம்பரையாகவே சின்ன உடல்வாகு. வெள்ளைக்காரன் பிள்ளையை வைத்துப் போட்ட கோட்டில் நம் பிள்ளையை ஏன் பொருத்திப் பார்க்கிறீர்கள்? என் பேத்தி குட்டைதான், நானும் குட்டைதான்.
— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ஜார்ஜ் டவுன்

ஐயா, அந்த வளர்ச்சிக் கோட்டை வெள்ளைக்காரன் பிள்ளையை மட்டும் வைத்துப் போடவில்லை. 2006ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அந்தக் கோட்டுக்கு 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் அளந்தார்கள்: பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, இந்தியா. இந்தியாவில் டில்லி. தாய்ப்பால் குடித்த, வீட்டில் வசதிக் குறைவில்லாத, தாய் புகைபிடிக்காத பிள்ளைகள். அப்படி வளர்த்தால் டில்லிப் பிள்ளையும் ஆஸ்லோ பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி உயர்ந்தார்கள். உங்கள் குட்டைக்குப் பரம்பரையில் பங்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். உங்கள் காலத்து அரிசிப் பங்கீட்டுக்கும் பங்கு உண்டு. அதையும் பேத்திக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டுமா?

கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் எடுத்த ஆய்வு 2018ல் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 சதவிகிதம் வளர்த்தி குன்றியவர்கள், 15 சதவிகிதம் எடை குறைந்தவர்கள். இரட்டைக் கோபுரம் தெரிகிற ஜன்னல்களுக்குள்ளே! அங்கே எல்லா இனத்துப் பிள்ளையும் உண்டு, எல்லாருக்கும் பரம்பரையா காரணம்?

ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் பாதி சரி. நம் பிள்ளைகளின் உடம்புக் கூட்டு கொஞ்சம் வேறு மாதிரிதான். புனே நகரத்தைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் குழந்தைகள் 3.5. எடை அவ்வளவு குறைந்தும் முதுகுத் தோலைக் கிள்ளி அளந்தால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசையும் உள்ளுறுப்பும்தான் குறைந்திருந்தன. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு. நம் வீடுகளில் இனிப்புநீர் வியாதி ஏன் இவ்வளவு என்பதற்கு இங்கேயும் ஒரு நூல் ஓடுகிறது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே பேத்தி குட்டை என்று சீனியும் சோறுமாகத் திணிக்காதீர்கள். முட்டை, நெத்திலி, பருப்பு, கீரை, பால். நெத்திலியை இடித்துத் தூளாக்கிக் கஞ்சியில் போட்டால் பிள்ளைக்குத் தெரியாது.

அந்த நாடாவை வீட்டிலேயே வாங்கி வைத்து மாதா மாதம் அளக்கலாமா? டெய்லர் நாடா போதுமா?
— வாசகி, பத்து கேவ்ஸ்

அளக்கலாம். நைஜரில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கே நாடாவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சுகாதார ஊழியருக்குச் சமமாக அளந்தார்கள், சீக்கிரமே கண்டுபிடித்து வந்ததால் பல பிள்ளைகள் வார்டில் படுக்க வேண்டியிருக்கவில்லை. டெய்லர் நாடா வேண்டாம், பழையது இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும். ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 11.5க்கும் 12க்கும் நடுவில்தான் உயிரே இருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை நன்றாக ஓடி ஆடி, தட்டைக் காலி செய்கிறவனாக இருந்தால் நாடாவை மேஜை டிராயரில் போட்டுவிடுங்கள்.

அக்கா, நாங்கள் பாகான் டாலாமில்தான் இருக்கிறோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்து காட்டலாமா?
— பக்கத்துத் தெருக்காரி

வா, செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், எனக்குக் கோயில் சமையல். கிளினிக் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வா, பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தூக்கி வா. தராசு என்னிடம் இல்லை, ஓய்வுபெற்ற அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.